காசில்லாததால் பிழைத்த சர்ச்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சஃபோக் என்றொரு மாவட்டம். லண்டனிலிருந்து வடக்கே போகும் ஏ12 நெடுஞ்சாலை அங்கே ப்ளைத் ஆற்றோரம் ஒரு சின்ன ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஊரின் பெயர் ப்ளைத்பரோ. சில நூறு பேர்தான் குடியிருக்கிறார்கள். கடல் ஏறும்போது ஆற்றங்கரை ஒரு பெரிய ஏரி போல் ஆகிவிடும். இறங்கினால் சேறும் நாணலும்தான். அந்தச் சேற்றுக்கு மேலே ஒரு மேட்டில், ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில், தூய திரித்துவ ஆலயம் நிற்கிறது. நீளம் சுமார் 128 அடி. ‘சதுப்பு நிலத்துப் பேராலயம்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். உண்மையில் இது பேராலயம் இல்லை. பிஷப்பின் ஆசனம் இங்கே இருந்ததே கிடையாது. சாதாரண ஊர்ச் சர்ச்தான்.

இத்தனை சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை பெரிய சர்ச்? பார்த்தவுடன் எழுகிற கேள்வி இது. எனக்கு அதைவிட இன்னொரு கேள்வி சுவாரசியமாகப் படுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் பூசிய வண்ணம் கூரையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது எப்படி? இரண்டுக்கும் பதில் காசுதான். முதல் கேள்விக்கு வந்த காசு, இரண்டாவதற்கு வராமல் போன காசு.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இம்மாதிரிக் கட்டடங்களை ‘இடைக்கால ஆங்கிலிக்கன் சர்ச்’ என்று சொல்வது வழக்கம். ஆங்கிலிக்கன் என்றால் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. கறாராகப் பார்த்தால் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. எட்டாம் ஹென்றி ரோமை உதறிவிட்டுத் தானே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவன் என்று சட்டம் போட்டது 1534-ல். ஆங்கிலத்தில் பொது ஜெபப் புத்தகம் வந்தது 1549-ல். ப்ளைத்பரோ சர்ச்சின் பெரும்பகுதி அதற்கு முந்தைய நூற்றாண்டில் கட்டியது. கட்டியவர்கள் கத்தோலிக்கர்கள், சொன்னது லத்தீன் பூசை. பிறகு சமயம் மாறியது, கட்டடம் மாறவில்லை. நம் ஊரில் கத்தோலிக்கர் ‘சம்மனசு’ என்பதைத்தான் சீர்திருத்தச் சபையார் ‘தேவதூதன்’ என்பார்கள், இல்லையா? இந்தச் சர்ச்சின் கூரையில் இருப்பவை சம்மனசுகளாகச் செதுக்கப்பட்டு, இருந்த இடத்தை விட்டு அசையாமலே தேவதூதர்கள் ஆனவை.

ஊர் மிகப் பழையது. 7-ஆம் நூற்றாண்டின் நடுவில், சஃபோக்கும் நார்ஃபோக்கும் அடங்கிய கிழக்கு ஆங்கிலியாவை ஆண்ட அன்னா என்ற மன்னன் (பெயரைப் பார்த்து ராணி என்று நினைத்துவிட வேண்டாம்) மெர்சியா என்ற இன்னொரு நாட்டின் மன்னன் பெண்டாவோடு நடந்த போரில் இறந்தான். அது ப்ளைத்பரோவுக்குப் பக்கத்திலேயே, புல்கேம்ப் என்ற இடத்தில் நடந்தது என்பதும், அவனை இங்கேதான் புதைத்தார்கள் என்பதும் மரபு. இதே ஊரில் திமிங்கில எலும்பில் செய்த எழுதுபலகை ஒன்று கிடைத்தது. குழிவான பக்கத்தில் மெழுகை ஊற்றி அதன்மேல் கீறி எழுதுவார்கள். இப்போது அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, எழுதப் படிக்கத் தெரிந்த துறவிகள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்திருக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் அகஸ்டின் சபைத் துறவிகள் ஒரு சின்ன மடம் வைத்தார்கள். அதன் இடிபாடு சர்ச்சுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

இடைக்காலத்தில் ப்ளைத்பரோ ஒரு துறைமுகம். கடலிலிருந்து சில மைல் உள்ளே என்றாலும் அந்தக் காலத்துச் சின்னக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வந்துவிடும். சந்தை இருந்தது, மீன் இருந்தது, சஃபோக் முழுக்கக் கம்பளியும் துணியும் பணமாகப் புரண்டன. பணம் வைத்திருந்தவர்களுக்குச் சாவைப் பற்றிய ஒரு கவலையும் இருந்தது. செத்த ஆன்மா மோட்சம் போகுமுன் பாவம் தீர வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் எத்தனை காலம் கிடக்க வேண்டுமோ என்ற கவலை. உயிலில் சர்ச்சுக்கு எழுதிவைத்தால், தனக்காக ஆண்டுதோறும் பூசை வைக்க ஏற்பாடு செய்தால், அங்கே தவிக்கும் நாள் குறையும் என்று நம்பினார்கள். கிழக்கு ஆங்கிலியாவின் பிரமாண்டமான ஊர்ச் சர்ச்சுகளெல்லாம் எழுந்தது இப்படித்தான். ஒருவர் ஜன்னலுக்குக் கொடுப்பார், இன்னொருவர் கூரைக்கு. ப்ளைத்பரோவின் பண்ணையாரான ஜான் ஹாப்டனின் கல்லறை பீடத்துக்குப் பக்கத்தில், அவர் குடும்பத்துச் சிற்றாலயத்தை ஒட்டி இருக்கிறது. அவர் இறந்தது 1478-ல். கல்லறைப் பலகையில் பதித்திருந்த பித்தளைத் தகடுகள் இப்போது இல்லை. பதித்த குழிதான் மிச்சம்.

யார் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு விதி இருந்தது. அது தெரிந்தால் எந்த ஆங்கிலக் கிராமத்துச் சர்ச்சையும் பாதி புரிந்துகொள்ளலாம். மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஊராரின் பொறுப்பு. கிழக்கே குருக்கள் பூசை செய்யும் பீடப்பகுதி, தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, வாங்குகிறவரின் பொறுப்பு. பல ஊர்களில் இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு உயரத்தில், ஒட்டுப்போட்டது போல இருப்பதற்கு இதுதான் காரணம். (இந்த விதி இன்னும் முழுக்கச் சாகவில்லை. வார்விக்‌ஷரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில், ஒரு பண்ணை நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குடும்பம் சர்ச்சின் பீடப்பகுதியைச் செப்பனிடும் செலவை ஏற்க வேண்டும் என்று 2003-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.) ப்ளைத்பரோவில் தசமபாகம் மடத்துக்குப் போனது. 1412-ல் நான்காம் ஹென்றி மடத்துக்கு அனுமதி கொடுக்க, கட்டுமானம் தொடங்கியது. இங்கே மட்டும் மடமும் ஊரும் ஒத்துப்போனது போல, கூடமும் பீடப்பகுதியும் ஒரே கூரையின் கீழ், நடுவில் வளைவுச்சுவர் இல்லாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டமாக ஓடுகின்றன. மேற்கே நிற்கும் கோபுரம் மட்டும் அதற்கு முந்திய நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை இடிக்காமல் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் புதிதாகக் கட்டினார்கள்.

சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடையாது. சுண்ணாம்பு மண்ணில் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல் உண்டு, அவ்வளவுதான். முஷ்டி அளவு, கோணல்மாணலான உருண்டைகள். அதை வைத்துச் சுவர் எழுப்பலாம். மூலை திருப்ப முடியாது, ஜன்னல் சட்டம் செதுக்க முடியாது. அதற்கு வேண்டிய வெட்டுக்கல்லை வெளியூரிலிருந்து படகில் கொண்டுவர வேண்டும். விலை அதிகம் என்பதால் அளந்து அளந்துதான் வைப்பார்கள். அந்தக் கஞ்சத்தனத்திலிருந்தே ஒரு அழகு பிறந்தது. சிக்கிமுக்கிக் கல்லை உடைத்தால் உள்ளே கறுப்பாக, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருக்கும். அந்தக் கறுப்பு முகம் வெளியே தெரிய, வெளிர்நிறக் கல்லில் வெட்டிய வடிவங்களுக்குள் மட்டமாகப் பதிப்பார்கள். மழை பெய்து சுவர் நனைந்தால் வெள்ளைக் கோலத்துக்கு நடுவே கறுப்பு மின்னும். கிழக்குச் சுவரின் பெரிய ஜன்னலுக்குக் கீழே இப்படிக் கிரீடம் வைத்த எழுத்துகளின் வரிசை ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு லத்தீன் அர்ப்பண வாசகத்தின் முதலெழுத்துகள் என்பது பொதுவான கருத்து. விரித்துப் படிப்பதெல்லாம் ஊகம்.

கட்டடப் பாணி, கூர்வளைவுகள் கொண்ட ஆங்கில கோதிக்கின் கடைசிக் கட்டம். நேர்க்கோட்டுப் பாணி என்று சொல்லலாம்; ஜன்னல் சட்டங்கள் வளையாமல் நெட்டுக்குத்தாக மேலே ஏறும். சுவரைக் குறைத்துக் கண்ணாடியைக் கூட்டுவதுதான் இந்தப் பாணிக்காரர்களின் பித்து. ப்ளைத்பரோவில் பக்கக் கூடங்களின் கூரைக்கு மேலே, நடுக்கூடத்தின் இருபுறமும், பக்கத்துக்குப் பதினெட்டு ஜன்னல்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வண்ணக் கண்ணாடியில் பெரும்பகுதி போய்விட்டதால் வெறும் வெள்ளை வெளிச்சம் உள்ளே கொட்டுகிறது. கட்டியவர்கள் நினைத்தது நிச்சயமாக இது இல்லை. சிவப்பும் நீலமுமாக மங்கிய ஒளியைத்தான் அவர்கள் விரும்பியிருப்பார்கள். ஆனால் இன்று வருகிறவர்கள் மயங்குவது இந்த வெள்ளை வெளிச்சத்தில்தான்.

சரி, கூரைக்கு வருவோம். சாய்வு மிகக் குறைவு, கிட்டத்தட்ட மட்டம். மேலே ஈயத் தகடு என்பதால் அப்படி. செங்குத்தாக வைத்தால் ஈயம் தன் எடையிலேயே மெல்ல மெல்லக் கீழே வழியும். ஓக் மர உத்தரங்கள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகின்றன. ஒவ்வொரு உத்தரத்தின் நடுவிலும் முதுகோடு முதுகு ஒட்டியபடி, கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று பார்த்து, இறக்கை விரித்த சம்மனசுகள். இத்தகைய கூரைகள் இங்கிலாந்தில் நூற்றுக்கு மேல் பிழைத்திருக்கின்றன, பெரும்பாலானவை சஃபோக், நார்ஃபோக் பக்கம். ப்ளைத்பரோவின் விசேஷம் வண்ணம். மரத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் சிவப்பிலும் பச்சையிலும் பூக்களும் இயேசுவின் பெயர்ச்சுருக்கமும் அச்சுத்தகடு வைத்து ஒற்றியிருக்கிறார்கள். நிறம் மங்கிவிட்டது, அங்கங்கே உதிர்ந்துவிட்டது. ஆனால் யாரும் மேல்பூச்சுப் பூசவில்லை. நீங்கள் அண்ணாந்து பார்ப்பது அந்தக் காலத்துப் பெயிண்டரின் கைவேலையையேதான்.

கழுத்து வலித்தால் பெஞ்சுகளைப் பார்க்கலாம். ஒவ்வொரு பெஞ்சின் ஓரக் கட்டையின் உச்சியிலும் ஒரு சின்ன மர உருவம். கத்தோலிக்க ஞானோபதேசத்தில் வரும் தலையான பாவங்கள் பல இங்கே ஆளாக உட்கார்ந்திருக்கின்றன. உலோபித்தனம் தன் பணப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு காவல் காக்கிறது. போசனப்பிரியம் தொந்தியைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறது. சோம்பல் கட்டிலை விட்டு எழவே இல்லை, போர்வையோடு உட்கார்ந்திருக்கிறது. புறம்பேசுகிறவன் நாக்கை வெளியே நீட்டியிருக்கிறான். இவற்றோடு ஆண்டின் வேலைகளும் உண்டு: ஒருவன் கதிர்க்கட்டோடு, ஒருவன் குளிர்காலத்துக்குப் பன்றி அறுத்தபடி. எழுத்துத் தெரியாத குடியானவன் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது கை வைத்து உட்கார்ந்தது இந்தத் தலைகளின்மேல்தான். தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கின்றன. பெரிய பேராலயங்களின் சிற்பங்களைவிட எனக்கு இந்தச் சோம்பேறியைத்தான் பிடிக்கும்.

1537-ல் ஹென்றியின் ஆட்கள் மடத்தைக் கலைத்தார்கள். பத்தாண்டில் உத்தரிக்கிற ஸ்தலத்தின் பெயரில் வைத்த பூசை மானியங்களும் சட்டப்படி ஒழிந்தன. கட்டடத்துக்குப் பணம் வந்த வழி இப்படி அடைபட்டது. இறந்தவனுக்காக வேண்டிக்கொள்வதே மூடநம்பிக்கை என்றான பிறகு எவன் கூரைக்கு உயில் எழுதுவான்? இன்னொரு பக்கம் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின, ஆறு தூர்ந்துகொண்டே போனது. ப்ளைத்பரோவின் வியாபாரம் படுத்தது.

இந்த இறங்குமுகத்தில்தான் இடி விழுந்தது. 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு காலை, ஆராதனை நேரம். பெரும் புயல். மின்னல் கோபுரத்தைத் தாக்க, அதன் உச்சியிலிருந்த கூர்கோபுரம் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. செத்தவர்கள் இரண்டு பேர் என்கிறது ஒரு பதிவு, மூன்று என்கிறது இன்னொன்று. அதே காலையில் சுமார் 12 மைல் தள்ளியிருக்கும் பங்கே என்ற ஊரின் சர்ச்சிலும் மணிக்கூண்டில் இருவர் இறந்தார்கள். லண்டனில் ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் அதே ஆண்டில் இதைப் பற்றி ஒரு துண்டுநூல் அச்சிட்டார். அதில் மின்னலோடு ஒரு கறுப்பு நாயும் வந்துவிட்டது. சாத்தானே நாய் உருவில் பங்கே சர்ச்சுக்குள் ஓடி, இருவரின் கழுத்தை முறித்து, பிறகு ப்ளைத்பரோவுக்கும் வந்தது என்று எழுதினார். பங்கே சர்ச்சின் சொந்தப் பதிவேட்டில் புயல் இருக்கிறது, செத்தவர்கள் இருக்கிறார்கள், நாய் இல்லை.

நாய் இல்லாவிட்டால் என்ன, தடயம் இருக்கிறதே என்பார்கள் ஊரில். ப்ளைத்பரோவின் வடக்குக் கதவில், உள்பக்கம், கருகிய தடங்கள். சாத்தானின் விரல் பட்ட இடம் என்று காட்டுவார்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு தடமும் கண்ணீர்த்துளி போல, கீழே உருண்டு மேலே கூராக இருக்கிறது. பழைய ஆங்கில வீடுகளின் கதவு நிலைகளிலும் அடுப்பு உத்தரங்களிலும் இதே வடிவம் ஏராளம். மெழுகுத்திரியை மரத்தில் சாய்த்துப் பிடித்து, பொறுமையாகப் பல நிமிடம் காத்திருந்தால்தான் இப்படி விழும் என்று செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தற்செயலாக ஆகாது. தீயைத் தீயால் தடுக்க, பேயை வாசலிலேயே நிறுத்த, வேண்டுமென்றே வைத்த காப்புக்குறிகள் என்பது ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். அப்படியானால் பேயை விரட்டப் போட்ட குறிதான் பேயின் குறியாகிவிட்டது.

அடுத்த கதையும் இப்படித்தான். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் பக்கம் நின்றவர்கள் சர்ச்சுகளிலிருந்த உருவங்களை ஒழிக்க 1643-ல் சட்டம் போட்டார்கள். சஃபோக்கிலும் கேம்பிரிட்ஜ்‌ஷரிலும் அதை நிறைவேற்றக் கிளம்பியவர் வில்லியம் டவ்சிங். லேக்ஸ்ஃபீல்ட் ஊர்க்காரர், அதே சஃபோக் மண்ணின் விவசாயி. ஒரு சர்ச்சுக்கு வழக்கமாக 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு உடைத்தார், உடைத்ததை நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். ப்ளைத்பரோவுக்கு அவர் வந்தது 1644 ஏப்ரல் 9. ஜன்னல் படங்களில் சிலவற்றை அன்றே உடைத்தார். இருநூறுக்கு மேற்பட்ட படங்களையும், கூடத்திலும் பீடப்பகுதியிலும் இருந்த இருபது தேவதூதர்களையும் இறக்கச் சொல்லி ஊராருக்கு உத்தரவிட்டுவிட்டுப் போனார். கண்ணாடி போனது. கூரையில் இருந்தவை இறங்கவில்லை. அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்ட யார் காசு கொடுப்பது?

சம்மனசுகளின் உடம்பில் ஈயக் குண்டுகள் பதிந்திருந்தன. இறக்க முடியாத ஆத்திரத்தில் டவ்சிங்கின் ஆட்கள் கீழேயிருந்து சுட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1970-களில் கூரையைப் பழுதுபார்த்தபோது குண்டுகளைக் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பறவை சுடப் பயன்படுத்திய ரவை. சர்ச்சின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் 1761-ல் ஜாக்டா சுடுவதற்குக் கொடுத்த செலவு எழுதியிருக்கிறது. ஜாக்டா என்பது காக்கை இனத்தில் ஒரு சின்னப் பறவை, உயரமான கட்டடம் கண்டால் கூடு கட்டாமல் விடாது. மேலே உட்கார்ந்து அசிங்கம் செய்த பறவைகளைச் சுட்டார்கள், குறி தப்பியதைத் தேவதூதர்கள் வாங்கிக்கொண்டார்கள். நாய்க் கதையைப் போலவே இங்கேயும் உண்மையைச் சொன்னது கணக்குப்பிள்ளைதான்.

வறுமை காப்பாற்றியது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. அதே கரையில் இரண்டு ஊர்களைப் பாருங்கள். கோவ்ஹைத் மக்கள் தங்கள் பிரமாண்டமான சர்ச்சைப் பராமரிக்க முடியாமல் 1672-ல் அனுமதி வாங்கிக் கூரையைப் பிரித்துவிட்டு, அதன் இடிபாட்டுக்குள்ளேயே சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டார்கள். ப்ளைத்பரோவுக்கு அடுத்த ஊரான வால்பர்ஸ்விக் 1695-ல் பெரும்பகுதியை இடித்துவிட்டு ஒரு பக்கக் கூடத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அந்தச் சுவர்கள் இன்று வானம் பார்த்து நிற்கின்றன. ப்ளைத்பரோவின் நிலைமையும் மோசம்தான். 1676-ல் பெரிய தீவிபத்து வேறு. ஆனாலும் அவர்கள் முடிவெடுக்காமலே நாளைக் கடத்தினார்கள். ஜன்னல் விழுந்தால் செங்கல் வைத்து அடைத்தார்கள். கூடத்தின் ஒரு மூலையில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இப்போது பீடப்பகுதியில் இருக்கும் அழகிய மரத்தட்டிகளில் மைக்கூடு வைக்கத் துளை இருக்கிறது. டிர்க் என்ற சிறுவன் 1665 என்று ஆண்டு போட்டுத் தன் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறான். எந்த நூற்றாண்டுப் பையனாக இருந்தாலும் டெஸ்க் கிடைத்தால் அதைத்தானே செய்வான்.

19-ஆம் நூற்றாண்டில் மழைநாளில் சபையார் குடை பிடித்துக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்தார்கள் என்பார்கள். 1881-ல் பிஷப் கட்டடம் ஆபத்தானது என்று மூடினார். விக்டோரியா காலம் அது. நாடு முழுவதும் பணக்காரச் சபைகள் பழைய சர்ச்சுகளைப் ‘புதுப்பித்து’க்கொண்டிருந்தன: பழைய சுண்ணப்பூச்சைச் சுரண்டுவது, தேய்ந்த தரையைப் பெயர்த்து வழவழப்பான ஓடு பதிப்பது, பெஞ்சுகளைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடுவது, கூரையை மாற்றுவது. நம் ஊர்க் கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டைத் தேய்த்த கதை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதை எதிர்க்கத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-ல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். புதுப்பிக்காதே, ஒழுகும் இடத்தை மட்டும் அடை என்பது அவர்கள் கட்சி. ப்ளைத்பரோவின் குருவானவருக்கும் சங்கத்துக்கும் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. குருவானவருக்குத் தேவை மழை ஒழுகாத, மக்கள் வந்து ஜெபிக்கிற சர்ச். அவர் ஆசையில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஊரில் அவ்வளவு பணம் திரளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒட்டுப்போட்டு, அவசியமானதை மட்டும் செய்தார்கள். வண்ணத்தைத் தொடக் காசில்லை. செங்கல் பாவிய தரையும் அப்படியே கிடந்தது.

1969 ஜூனில், அதே சஃபோக் கரையிலுள்ள ஆல்டபரா ஊரின் இசை விழாவின் முதல் நாள் இரவில், அதன் பக்கத்து ஊரான ஸ்னேப்பில் இருந்த கச்சேரி மண்டபம் தீப்பிடித்து எரிந்தது. மோட்சார்ட்டின் ‘இடோமெனேயோ’ ஓபராவை எங்கே நடத்துவது என்று தவித்தவர்கள் அதை ப்ளைத்பரோ சர்ச்சுக்கு மாற்றினார்கள். நல்ல மர மேற்கூரை, கல் தூண், செங்கல் தரை. குரல் அங்கே அழகாக நிற்கும். இப்போதும் விழாவின் கச்சேரிகள் அங்கே நடப்பதுண்டு.

பீடப்பகுதி ஓரமாக ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு மரச் சிப்பாய் நிற்கிறான். 1682-ல் செய்தது, முன்பு கடிகாரத்தோடு இணைந்து மணி சொன்னவன். கடிகாரம் போய்விட்டது, இவன் வேலையில் இருக்கிறான். ஆராதனை தொடங்கும் நேரத்தில் யாராவது கயிற்றை இழுப்பார்கள். கையை ஓங்கி மணியில் ஒரு அடி. சபையார் எழுந்து நிற்பார்கள்.